சாக்குக் கட்டுமுன் தண்ணீர் விடுங்கள்

நவம்பர் பிறந்தால் ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்து முன்வளவுச் செடிகள் எல்லாம் சாக்குக்குள் போய்விடும். ஏப்ரலில் அவிழ்த்தால் பாதி பழுப்பாக நிற்கும். "இந்த வருசம் குளிர் கூடிப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் புதுச்செடி வாங்கப் போவார்கள். பெரும்பாலான செடிகள் சாவது தண்ணீர் இல்லாமல். அதைத் தடுக்கும் வழி இது.

1. செடியைத் தெரிதல்

அட்டையில் வலய எண் இருக்கும். எண் குறையக் குறையச் செடி கூடுதல் குளிரைத் தாங்கும். அமெரிக்க எண்ணும் கனேடிய எண்ணும் ஒன்றல்ல. அமெரிக்கர்கள் வருடத்தின் கடுங்குளிரின் சராசரியை மட்டும் பார்ப்பார்கள். அவர்களுடைய 5ஆம் வலயம் என்றால் சுமார் -29 முதல் -23 பாகை வரை. கனேடிய வரைபடம் மழை, காற்று, பனிப்படிவு, உறைபனி இல்லாத காலம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும். இந்தக் குழப்பமே வேண்டாமென்றால் என் சட்டத்தைப் பிடியுங்கள்: றொறன்ரோ நிலத்தில் நடுவது 5 அல்லது அதற்குக் குறைந்த எண். தொட்டியில் வைப்பதென்றால் இன்னும் இரண்டு எண் கீழே இறங்குங்கள். வேர் தண்டைவிடக் குளிருக்குப் பலவீனமானது. தொட்டியில் நாலு பக்கத்தாலும் குளிர் ஏறும்.

கடையில் எல்லாரும் தூக்குவது பெரிய நீல உருண்டைப் பூ ஹைட்ரேஞ்சியா. அது முந்திய கோடையில் கட்டிய மொட்டில் பூப்பது. அந்த மொட்டு மாரியில் கருகினால் அடுத்த வருடம் இலை மட்டும்தான். 'லைம்லைட்', 'அனபெல்' வாங்குங்கள். இரண்டும் புதுக் கொப்பில் பூப்பவை. லைலாக், நைன்பார்க், செந்தண்டு டொக்வூட் மூன்றும் போர்த்தாமலே நிற்கும். பொக்ஸ்வூட் வேலியை நான் யாருக்கும் சொல்வதில்லை: 2018இல் றொறன்ரோவில் கண்டுபிடிக்கப்பட்ட பொக்ஸ்வூட் அந்துப்பூச்சியின் புழு அதை மொட்டையாக்கிவிடும்.

2. ஓகஸ்டோடு நிறுத்த வேண்டியவை

ஓகஸ்ட் நடுவுக்குப் பிறகு உரம் வேண்டாம். இலையுதிர்காலத்தில் கத்தரிக்கோலும் வேண்டாம். இரண்டும் இளந்தளிரைக் கிளப்பும். அது முற்றுவதற்குள் உறைபனி பிடித்துக்கொள்ளும். லைலாக்கைப் பூ முடிந்த கையோடு வெட்டுங்கள்.

3. தண்ணீர்

இந்த இடத்தில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். செப்டம்பரில் குழாயைச் சுருட்டி வைத்துவிடுவார்கள். சீடர், ரொடொடென்ட்ரன் போன்ற என்றும் பச்சைச் செடிகளின் இலை சனவரி வெயிலிலும் காற்றிலும் தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும். நிலம் உறைந்துவிட்டால் வேரால் ஒரு சொட்டும் எடுக்க முடியாது. அப்படிக் காய்ந்ததைத்தான் ஏப்ரலில் பழுப்பாகக் காண்கிறோம்.

ஆகவே நிலம் உறையும் வரை, அநேகமாக நவம்பர் கடைசி வரை, மழையில்லாத கிழமைகளில் வேர்ப்பகுதி ஆழமாக நனைய விடுங்கள். மேல் மண்ணை நனைத்துவிட்டுப் போனால் பலனில்லை; விரலை முழுதாக விட்டுப் பாருங்கள், அடியில் ஈரம் இருக்க வேண்டும். கூரை விளிம்புக்குக் கீழே நிற்கும் செடிக்கு மழையும் கிடைக்காது, பனியும் கிடைக்காது. அதற்கு இரட்டிப்புக் கவனம். அந்த வருடம் நட்ட செடிக்கும் அப்படித்தான்.

மரச்சீவலை நிலம் உறைந்த பிறகு 5 முதல் 10 செ.மீ. வரை போடுங்கள். மண்ணைச் சூடாக்க அல்ல, உறைந்த மண்ணை உறைந்தபடியே வைத்திருக்க. உறைவதும் உருகுவதுமாக இருந்தால் மண் வேரையே மேலே தள்ளிவிடும். அடித்தண்டில் முட்டக் குவித்தால் எலி உள்ளே குடியிருந்து பட்டையைக் கடிக்கும்.

4. சாக்கு

போர்வை நம்மைச் சூடாக வைப்பது நம் உடம்பில் சூடு இருப்பதால். செடிக்கு அது கிடையாது. சாக்கின் வேலை காற்றையும் வெயிலையும் மறைப்பது மட்டும்தான். இலையுதிரும் செடிக்கு அது தேவையே இல்லை.

மண் இளக்கமாக இருக்கும்போதே, ஒக்ரோபர் கடைசியில், செடியைச் சுற்றித் தடிகளை அடித்துவிடுங்கள். டிசம்பரில் சுத்தியலோடு போராடிப் பயனில்லை. சாக்கைத் தடியில் கட்டுங்கள், செடியில் அல்ல. இலையில் ஒட்டிய ஈரச்சாக்கு உறைந்து இலையையே கருக்கும். மேற்கும் தெற்கும் கட்டாயம் மறைய வேண்டும். மேற்பக்கம் திறந்திருக்கட்டும். பிளாஸ்ரிக் மட்டும் வேண்டவே வேண்டாம்: பகலில் உள்ளே அவியும், இரவில் உறையும்.

கூரையிலிருந்து பனி சரியும் இடமென்றால் சாக்கு தாங்காது. இரண்டு பலகைகளைக் கூடாரம்போல் சாய்த்து வையுங்கள்.

5. முயலும் உப்பும்

சிறுகண்ணிக் கம்பிவலையைப் பனிமட்டத்துக்கு மேலும் 60 செ.மீ. உயரமாகச் சுற்றுங்கள், முயல் பனியின்மேல் ஏறி நின்று கடிக்கும். நடைபாதையில் உப்புக்குப் பதில் மணல் போடுங்கள். உப்புக் கலந்த பனியைச் செடியடியில் வாரிக் கொட்டாதீர்கள்.

6. அவிழ்த்தல்

மண் இளகிய பிறகு, மூட்டமான ஒரு நாளில் அவிழுங்கள். மொட்டையாக நிற்பதைக் கண்டதும் பிடுங்க ஓடாதீர்கள். கொப்பை நகத்தால் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தெரியாவிட்டாலும் அடியிலிருந்து துளிர்க்கக்கூடும்; யூன் வரை விட்டுவையுங்கள்.