விளையாட்டும் வினையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

முன்னுரை

"விளையாட்டு வினையாகும்" என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். எச்சரிக்கையாகச் சொல்லப்படும் அம்மொழிக்கு வேறொரு பொருளும் கொள்ளலாம். வினை என்றால் வேலை. ஒருவர் ஆடும் ஆட்டம் இன்னொருவர் செய்த வேலை. கணினி விளையாட்டைப் பொறுத்தவரை இது முற்றிலும் உண்மை.

சென்ற விடுமுறையில் தோழன் ஒருவனின் மடிக்கணினியில் நான் ஆடிக்கொண்டிருந்ததைக் கண்ட என் தந்தை, "இதுக்கா உன்னக் காலேஜுக்கு அனுப்புனேன்?" என்று கேட்டார். அவர் கொத்தனார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அன்று பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். சொல்லியிருக்க வேண்டியதை இங்கு எழுதுகிறேன்.

தோற்றம்

1958-ஆம் ஆண்டு அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில், பார்வையாளர்களை மகிழ்விப்பதற்காக வில்லியம் ஹிகின்போதம் என்னும் இயற்பியலறிஞர் அலைகாட்டித் திரையில் ஒரு டென்னிஸ் ஆட்டத்தை அமைத்தார். 1972-இல் அடாரி நிறுவனத்தின் 'பாங்' வெளிவந்து, காசு போட்டு ஆடும் ஆட்டமாகப் பரவியது. இவ்விரண்டிலும் பந்து உண்டு; கதை இல்லை. கதை பின்னால் வந்தது.

விதி சொல்லும் கதை

நாவல் சொற்களால் கதை சொல்கிறது. திரைப்படம் காட்சிகளால் சொல்கிறது. விளையாட்டோ விதிகளால் சொல்கிறது என்பது என் கருத்து.

1978-இல் ஜப்பானில் தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' இதற்கு நல்ல சான்று. வரிசைக்குப் பதினொன்றாக ஐந்து வரிசைகளில் 55 பகைவர்கள் மேலிருந்து இறங்கி வருவார்கள். அத்தனை உருவங்களையும் நகர்த்துவது அன்றைய பொறிக்குப் பெரும் சுமை. பகைவர் குறையக் குறையச் சுமை குறைந்து, எஞ்சியவர்கள் விரைந்து வரத் தொடங்கினர். பொறியின் இக்குறையை நிஷிகாடோ திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். வெற்றியை நெருங்க நெருங்க ஆபத்தும் பெருகுகிறது! ஒரு வசனமும் இல்லாமல் நெஞ்சு படபடக்கிறது அன்றோ?

2013-இல் லூகாஸ் போப் ஏறத்தாழத் தனியாளாகவே உருவாக்கிய 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. இதில் நாம் ஒரு கற்பனை நாட்டின் எல்லைச் சாவடி அலுவலர். வருவோரின் தாள்களைச் சரிபார்த்து முத்திரை குத்த வேண்டும். சரியாகப் பார்த்த ஆளுக்கு இவ்வளவு என்று கூலி. மாலையில் வாடகை, உணவு, குளிருக்குக் கணப்பு ஆகியவற்றுக்கு அந்தக் கூலி போதவேண்டும். ஒருநாள் ஒரு கணவன் வருகிறான். அவன் தாள்கள் சரியாக இருக்கின்றன. அடுத்து வரும் மனைவியிடம் அனுமதிச் சீட்டு இல்லை. திரும்பிப் போனால் உயிருக்கு ஆபத்து என்று கெஞ்சுகிறாள். உள்ளே விட்டால் நமக்கு எச்சரிக்கை வரும். எச்சரிக்கைகள் மிகுந்தால் கூலி பிடிக்கப்படும்.

நான் முதல்முறை அவளைத் திருப்பி அனுப்பினேன். வீட்டு வாடகைதான் என் கண்முன் நின்றது. நாவலாயிருந்தால் அந்த அலுவலரைத் திட்டியிருப்பேன். இங்கே சிவப்பு முத்திரையைக் குத்தியது என் கை. விளையாட்டு மட்டுமே தரக்கூடிய கதை இதுதான். இடையிடையே நம் கையைக் கட்டிப்போட்டு நெடுநேரம் படம் காட்டும் விளையாட்டுகள், எவ்வளவு அழகாயினும், பாதித் திரைப்படங்களே என்பேன்.

பெயரில்லா உழைப்பு

இவற்றை ஆக்கியோர் நிலை எப்படி? 1970-களில் அடாரி தன் விளையாட்டுகளில் அவற்றை எழுதியவர்களின் பெயரைப் போடவில்லை. மனம் வெறுத்த நால்வர் வெளியேறி 1979-இல் ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கி, ஆக்கியோர் பெயரை வெளியிட்டனர். வாரன் ராபினெட் வேறு வழி கண்டார். தாம் எழுதிய 'அட்வென்ச்சர்' விளையாட்டில் யாருமறியாமல் ஓர் இரகசிய அறை அமைத்து, அதில் தம் பெயரைப் பொறித்துவிட்டு, வேலையிலிருந்தும் விலகினார். 1980-இல் விற்பனைக்கு வந்த பின்னர் ஒரு சிறுவன் அதைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியபோதுதான் செய்தி வெளிப்பட்டது.

பெயருக்கு அடுத்தது நேரம். 1982-இல் 'ஈ.டி.' திரைப்படத்தை விளையாட்டாக்க ஹோவர்ட் வார்ஷாவுக்குக் கிடைத்தவை ஐந்தே வாரங்கள். விளையாட்டு தோற்றது, விற்காத பெட்டிகள் நியூ மெக்சிகோ மாநிலக் குப்பைக் குழியில் புதைக்கப்பட்டன. 2014-இல் தோண்டியபோது அவை வெளிவந்தன. பழி மட்டும் ஆக்கியவர்மேல் நெடுநாள் கிடந்தது.

2004-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஊழியர் ஒருவரின் துணைவி, வாரம் ஏழு நாளும் இரவு பத்து மணி வரை நீண்ட வேலையைப் பற்றி எழுதிய கடிதம் உலகெங்கும் படிக்கப்பட்டது. அக்காலத்தில் தொடரப்பட்ட வழக்குகளில், மிகைநேர ஊதியமாக அந்நிறுவனம் ஒரு கோடி டாலருக்கு மேல் வழங்க உடன்பட்டது. இருப்பினும் 'கிரஞ்ச்' எனப்படும் இவ்வழக்கம் அத்துறையை விட்டு முற்றிலும் நீங்கிவிடவில்லை.

முடிவுரை

ராபினெட்டின் கதையை ஒருநாள் தந்தையிடம் சொன்னேன். சிரித்தார். அவர் கட்டிய கட்டடங்களின் கல்வெட்டில் திறந்து வைத்தவர் பெயர் இருக்கும். அவர் பெயர் இராது. "ஒரு பள்ளிக்கூடத்துல மாடிப்படிக்கு அடியில, பூச்சு காயறதுக்குள்ள கரணை நுனியால என் பேரோட முதல் எழுத்தக் கீறி வச்சேன். இன்னைக்கும் இருக்கும்" என்றார். இத்தனை ஆண்டுகளில் அதை அவர் எங்களிடம் சொன்னதில்லை. அதன்பின் என் ஆட்டத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை; "அந்த வேலைக்கு என்ன படிக்கணும்?" என்று மட்டும் கேட்டார்.

மாணவ நண்பர்களே, ஒரு விளையாட்டு நன்றாயில்லை எனில் அதற்குக் கொடுத்த காலம் எவ்வளவு என்று கேளுங்கள். நன்றாயிருந்தால், ஆட்டம் முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடும்போது திரையை அணைக்காமல் ஒரு நிமிடம் படியுங்கள். அவற்றுள் ஒரு பெயர் நாளை நம்முள் ஒருவருடையதாக இருக்கலாம்.