மனதுக்கும் மருத்துவம் உண்டு, செலவுக்கும் வழி உண்டு



காய்ச்சல் வந்தால் ஊசி போட்டுக்கொள்கிறோம். கை ஒடிந்தால் கட்டுப் போட ஓடுகிறோம். ஆனால் ஒருத்தன் ஒரு மாசமா தூங்காம, சாப்பிடாம, ஒர்க் ஷாப் பக்கமே வராம இருந்தா, "அரியர் பயம்டா, சரியாப் போயிடும்" என்று விட்டுவிடுகிறோம். டாக்டரிடம் போகலாம் என்றால் "அதுக்கு ஏது காசு?" என்ற கேள்வி வந்து நிற்கிறது. அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. காசில்லாமல் கிடைப்பவை

2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அடுத்தது அரசு மருத்துவக் கல்லூரி மற்றும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு. ஓ.பி. சீட்டு வாங்கிக் காட்டலாம், மாத்திரையும் இலவசம். கூட்டம் இருக்கும், காலையிலேயே போகணும்.

2. தனியாரிடம் போனால்

மனநல மருத்துவர் மாத்திரை எழுதுவார். உளவியலாளர் பேசிக் குணப்படுத்துவார், மாத்திரை எழுத மாட்டார். ஒரு தடவைக்கு எவ்வளவு, எத்தனை தடவை வரணும், மாணவருக்குக் குறைப்பு உண்டா என்று முதல் நாளே கேளுங்கள். இதில் வெட்கம் எதற்கு? ஒரு தடவைக்கு 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 8 தடவைக்கு 6,400 ரூபாய். பஸ் செலவு தனி. பாதியில் நிறுத்துவதைவிட முன்பே கணக்குப் போடுவது நல்லது.

3. இன்சூரன்ஸ் என்ன தரும்?

உடல் நோய்க்குத் தருவது போலவே மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் அட்மிட் ஆனால்தான் பணம் தரும். வாராவாரம் போகும் கவுன்சலிங்குக்கு "ஓ.பி. கவர்" இருக்கிறதா என்று பாருங்கள். மேலும் இரண்டு சொற்கள்:

காத்திருப்புக் காலம்: முன்பே உள்ள நோய்க்கு 2024 முதல் அதிகபட்சம் 36 மாதம்.

கோ-பே: பில்லில் நம் பங்கு. 20 சதவீதம் என்றால் 20,000 ரூபாய் பில்லில் நாம் கட்டுவது 4,000.

இருக்கிற நோயை மறைத்து எழுதாதீர்கள், பின்னால் கிளெய்ம் தள்ளுபடியாகும். நியாயமான கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையெனில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

4. வேலைக்குச் சேர்ந்தபின்

சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளதா என்று பாருங்கள். 2019 ஜூலையில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 12,000 ரூபாய் சம்பளத்துக்கு 90 ரூபாய்தான். இதில் ஓ.பி. சிகிச்சையும் உண்டு, குடும்பத்தாருக்கும் உண்டு. ஆனால் அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சியில் இருப்போர் இதில் வரமாட்டார்கள். எனவே அந்த ஒரு வருடத்துக்கு அரசு மருத்துவமனையே துணை.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் பாலிசிப் பேப்பரைப் படிக்கக்கூடிய முதல் ஆள் நாம்தான். அதை வீட்டாருக்குப் படித்துச் சொல்லுங்கள். வாடிப்போன நண்பனை "வா, நானும் வர்றேன்" என்று ஓ.பி. வரிசைக்குக் கூட்டிப் போங்கள். காசில்லை என்பதற்காக ஒரு தோழனை இழக்க வேண்டாம்!

- இரண்டாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை