கோணல் மூலையில் டைல்ஸ் ஒட்டும்போது

குளியலறைச் சுவர்கள் இரண்டும் சேரும் இடம் பெரும்பாலும் சரியான 90 டிகிரியில் இருப்பதில்லை. டைல்ஸ் ஒட்டிய பிறகுதான் அது கண்ணில் உறுத்தும்.

1. மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, மறு சுவரில் 4 அடி குறியுங்கள். இரு குறிகளுக்கும் இடையே குறுக்களவு 5 அடி வந்தால் மூலை நேர். கூடினால் விரிந்திருக்கிறது, குறைந்தால் ஒடுங்கியிருக்கிறது.

2. கோணல் அதிகமென்றால் பூச்சு வேலையிலேயே சரிசெய்யச் சொல்லுங்கள். பசையைத் தடிமனாகப் பூசி நிரவினால் டைல் இறங்கும்.

3. உள்மூலையில் வரும் துண்டை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அளந்து வெட்டுங்கள். சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக இல்லாவிட்டால் அகலம் மாறும். முதல் சுவர் டைலின் வெட்டு விளிம்பை அடுத்த சுவரின் டைல் மறைக்கட்டும்.

4. அந்த இணைப்பில் 2, 3 மில்லிமீட்டர் விட்டு, டைல் நிறத்திலேயே சிலிக்கோன் சீலன்ட் அடையுங்கள். இரு சுவர்களும் ஒன்றுபோல் அசையாது. அதனால் சிமெண்ட் கிரவுட் போட்டால் விரிசல் விடும்.

5. வெளிமூலையில் 45 டிகிரி சாய்வு வெட்டு வேண்டாம். அது நேர் மூலைக்குத்தான் பொருந்தும், முனையும் எளிதில் உடையும். வளைவு விளிம்புள்ள பிவிசி அல்லது அலுமினிய டிரிம் வையுங்கள். சிறு கோணல் வெளியே தெரியாது. டைலை ஒட்டும்போதே டிரிம்மையும் பதிக்க வேண்டும் என்பதால், கொத்தனார் வருமுன்பே வாங்கிவிடுங்கள்.