காயிதாவுக்குள் இருக்கிற இங்கிலீஷ்

வானவடி, புனே.

அன்புத் தம்பிக்கு,

நம் ஊர் மதரஸாவில் உன்னை இங்கிலீஷ் எடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம், உம்மா சொன்னார்கள். "எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது ராத்தா?" என்று நீ கேட்டதற்குப் போனில் பதில் சொல்லி முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் பக்கத்துக் கோண்ட்வாவில் சின்னப் பையன்களுக்கு இங்கிலீஷ் எடுக்கத் தொடங்கிய முதல் வாரம். குர்ஆனை மனனமாக்கும் ஹிஃப்ழு செய்கிற ஒருவன் ஒரு பக்கப் பாடத்தை ஒரே ராத்திரியில் மனப்பாடம் பண்ணிவந்து, ஓர் எழுத்து பிசகாமல் ஒப்பித்தான். "அந்த நாய் எங்கே ஓடிச்சு?" என்றேன். "எந்த நாய்?" என்றான். பாடமே நாயைப் பற்றித்தான்!

அந்த மனப்பாடத்தைக் கெட்ட பழக்கம் என்று நினைத்துவிடாதே. அவனுடைய கைமுதலே அதுதான். ஒப்பிக்கவிடு, பிறகு வரிக்கு ஒரு சொல்லை மாற்றச் சொல். நாய் பூனையாகட்டும், ஓடினது தூங்கட்டும். பொருள் தெரியாமல் மாற்ற முடியாது பார்.

உச்சரிப்புக்கு நீ மெனக்கெடவே வேண்டாம். 'திங்க்' என்பதை நம் பிள்ளைகள் தமிழ்த் 'தி' போட்டுச் சொல்வார்கள். அரபி எழுத்துப் பழகுகிற காயிதாவை எடுத்து, தாவுக்கு அடுத்த மூன்று புள்ளி எழுத்தை ஓதச் சொல். நாக்கு நுனி மேல்பல் விளிம்பைத் தொடும். அதே இடத்தில் நாக்கை வைத்து 'திங்க்' சொல்லச் சொல், வந்துவிடும். 'திஸ்' என்பதற்குப் புள்ளி வைத்த தால். 'ஃபேன்', 'ஜீப்ரா' இரண்டுக்கும் ஃபாவும் ஸாயும் இருக்கின்றன. குர்ஆனைத் திருத்தமாக ஓதும் தஜ்வீது படித்தவனுக்கு இதையெல்லாம் புதிதாகச் சொல்லித்தருவது, மீனுக்கு நீச்சல் கற்றுத்தருகிற கதை.

இலக்கணத்தில்தான் நீ என்னைவிட அதிகம் கஷ்டப்படுவாய். என்னிடம் படிக்கிற உருதுக்காரப் பையன்களுக்கு அவர்கள் மொழியில் 'ஹை' இருப்பதால் 'இஸ்' தானாக வருகிறது. 'இது புத்தகம்' என்கிற தமிழிலும், 'ஹாதா கிதாபுன்' என்கிற அரபியிலும் அந்த இடத்தில் வினைச்சொல்லே கிடையாது. அதனால் நம் பிள்ளைகள் 'திஸ் புக்' என்றே எழுதுவார்கள். அடிக்காதே, திட்டாதே. எழுவாயான முப்ததாவையும் பயனிலையான கபரையும் பலகையில் எழுதி, இரண்டுக்கும் நடுவே ஒரு கட்டம் போட்டு, "இங்கிலீஷ்காரன் இங்கே ஒரு பாலம் கட்டுவான்" என்று சொல். 'தி' என்பதற்கு அவர்களுக்கு 'அல்' தெரியும். 'எ' என்பதுதான் இழுத்தடிக்கும். அரபிப் பழக்கத்தில் முதல் மாதம் நோட்டைப் பின்பக்கத்திலிருந்து திறப்பார்கள், அதற்கும் சிரித்துக்கொள்.

"ஓதுகிற பிள்ளைக்கு இங்கிலீஷ் எதற்கு?" என்று ஊரில் யாராவது கேட்பார்கள். வாதாடாதே. கண்டியில் 1838-இல் பிறந்த சித்திலெப்பையைப் பற்றிச் சொல். மிஷன் பள்ளிக்குப் போனால் பிள்ளை மதம் மாறிவிடும் என்று இலங்கை முஸ்லிம்கள் ஒதுங்கியிருந்த காலத்தில், 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்திக்கொண்டே அவர் நம் பள்ளியை நாமே கட்டுவோம் என்றார். அப்படி 1892-இல் கொழும்பு மருதானையில் தொடங்கிய மதரஸாதான் பிறகு ஸாஹிரா கல்லூரி ஆனது. இந்தப் பக்கமும் உதாரணம் இருக்கிறது. ஆலிம் பட்டம் முடித்தவர்களுக்கென்றே மர்கஸுல் மஆரிஃப் என்கிற நிறுவனம் 1994-இல் டெல்லியில் இரண்டாண்டு ஆங்கிலப் படிப்பைத் தொடங்கியது. இப்போது அது மும்பையில் நடக்கிறது.

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. ஃபஜ்ருக்கு முன்னே எழுந்த பிள்ளைக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு புத்தகத்தை நீட்டாதே, தூங்கிவிடுவான். அந்த நேரத்துக்குப் பேச்சுதான் சரி. நான் ஒரு வியாழக்கிழமை பையன்களை இங்கே இருக்கிற மராட்டியத் தளபதி மகாதஜி ஷிண்டேயின் நினைவிடமான சத்ரிக்கு அழைத்துப்போனேன். 1794-இல் அவர் இறந்தது இந்த வானவடியில்தான். பார்த்ததில் ஆளுக்கு ஒன்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும் என்பதுதான் விளையாட்டு. கதவு, தூண், செருப்பு, புறா என்று போனது. மூன்று வாரமாக வாயே திறக்காத ஒருவன், "டீச்சர், ஐ ஆம் தர்ஸ்டி" என்றான். அந்த 'த' சுத்தமான மூன்று புள்ளி எழுத்து!

உன் வகுப்பில் எத்தனை பிள்ளைகள், என்ன வயது என்று எழுது. வாப்பாவுக்கு என் ஸலாம் சொல்.

ராத்தா