பெருவிரல் மூட்டு நழுவலும் அறுவைச் சிகிச்சையும்

கையின் வேலையில் ஏறத்தாழப் பாதி பெருவிரலைச் சார்ந்ததென மருத்துவர்கள் மதிப்பிடுவர். சித்தூரிலிருந்து பெங்களூர் செல்லும் சாலையில் உள்ள பங்காருபாளையம், மாந்தோப்புகளும் கரும்பு வயல்களும் நிறைந்த பகுதியாகும். மரத்திலிருந்து விழுபவர் கையை ஊன்றும்போதும், மிரண்ட மாட்டின் கயிறு விரலைப் பின்னுக்கு வளைக்கும்போதும் பெருவிரலின் அடிமூட்டு நழுவக்கூடும். பள்ளித் திடலில் பந்து தாக்கியும் இவ்வாறு நேர்வதுண்டு. அருகில் நிற்பவர் உடனே விரலைப் பிடித்து இழுக்க முற்படுவார். நல்லெண்ணத்துடன் செய்யப்படும் அச்செயலே அறுவைச் சிகிச்சைக்குக் காரணமாகி விடலாம்.

இம்மூட்டின் உள்ளங்கைப் பக்கத்தில் தடித்த நார்த்தகடு ஒன்று உண்டு. அதில் எள்ளின் பெயரால் வழங்கும் இரு சிற்றெலும்புகள் பதிந்துள்ளன. விரல் மிகுதியாகப் பின்வளையும்போது தகடு அங்கை எலும்பின் கழுத்திலிருந்து கிழிகிறது. விரல் செங்குத்தாக நிமிர்ந்து நின்றால் அது பெரும்பாலும் எளிய நழுவலே. அதனை நீளவாட்டில் இழுத்தாலோ, கிழிந்த தகடு இரண்டு எலும்புகளுக்கும் நடுவே புகுந்துவிடும். அங்கை எலும்பின் தலையும், துளையில் மாட்டிய பொத்தானைப் போல, தசைகளுக்கும் தசைநாணுக்கும் இடையே சிக்கிக்கொள்ளும். பின்னர் இழுக்க இழுக்கப் பிடி இறுகுமேயன்றித் தளராது. பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஃபராபெஃப் 1876இலேயே இந்நழுவலை ஆராய்ந்து எழுதினார். உள்ளங்கைத் தோலில் குழி விழுதலும், எக்ஸ்-ரே படத்தில் அச்சிற்றெலும்புகள் மூட்டின் இடைவெளியில் தென்படுதலும் சிக்கலான நழுவலின் அறிகுறிகளாம்.

எளிய வகையாயின், மருத்துவர் மரப்பு மருந்து செலுத்தி, மணிக்கட்டையும் விரலின் நுனிமூட்டையும் மடக்கித் தசைநாணைத் தளர்த்துவார். பின்பு விரலெலும்பின் அடியை முதுகுப் பக்கத்திலிருந்து தள்ளி வழுக்கவிட்டு மூட்டைச் சேர்ப்பார். இம்முறையில் தள்ளுதலே உண்டு, இழுத்தல் இல்லை.

அது பலியாவிடில் அறுவை தேவை. உள்ளங்கைப் பக்கம் திறந்தால் சிக்கிய பகுதிகள் நேரே தெரியும். ஆனால் எலும்பின் தலை உணர்ச்சி நரம்புகளைத் தோலுக்கு அடியிலேயே தூக்கி நிறுத்தியிருக்குமாதலால், கத்தி சற்றே ஆழ்ந்தாலும் அவை அறுபடும். ஆகையால் முதுகுப் பக்கம் திறந்து, தகட்டை நீளவாட்டில் பிளந்து, எலும்பை விடுவிப்பதைப் பலர் விரும்புகின்றனர். பக்கவாட்டில் திறப்பதும் உண்டு. மூட்டு சேர்ந்தபின் அதன் உறுதியைச் சோதிக்க வேண்டும். பக்கத்து இணைப்புநார் அறுந்து, அதன் முனை மேலுறையின் வெளியே மடிந்து கிடந்தால் அது தானே ஒட்டாது என்பதை ஸ்வீடன் மருத்துவர் ஸ்டெனர் 1962இல் காட்டினார். அதனைத் தைத்தே ஆகவேண்டும். தளர்ந்த மூட்டுக்கு மெல்லிய கம்பி செருகுவர். சில வாரங்கள் பத்தை கட்டியிருப்பது வழக்கம். பல மாதங்கள் கவனியாமல் விட்டுக் குருத்தெலும்பு கெட்டிருப்பின், மூட்டை அசையாமல் இணைத்துவிடுதலே எஞ்சிய வழியாகலாம். அவ்விடத்தில் மடங்குதல் போய்விடும். வலி நீங்கிப் பிடிவலிமை மிஞ்சும்.

எலும்பு முறிந்தால் "புத்தூர் கட்டு" என்பது இப்பக்கத்து வழக்கு. தலைமுறை தலைமுறையாக வந்த அக்கைத்திறனை இகழ்தல் முறையன்று. எனினும் எலும்புகளுக்கிடையே சிக்கிய தகட்டை எக்கட்டும் வெளியே எடுக்காது. முதலில் எக்ஸ்-ரே எடுத்தல் வேண்டும். 1940களின் பிற்பகுதியில் பால் பிராண்டு கை அறுவைப் பணியைத் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, சித்தூருக்கு அண்மையிலேயே உள்ளது.

மோதிரம் இருந்தால் உடனே கழற்றுக. விரல் நின்ற நிலையிலேயே அட்டை வைத்துத் தளர்வாகக் கட்டுக. புண் இருந்தால் தூய துணியால் மூடுக. மயக்க மருந்து தேவைப்படலாமாதலால், மருத்துவர் பார்க்கும்வரை உணவு கொடாதிருக்க. அன்றே மருத்துவமனையில் சேர்ப்பிக்க.