ஸ்டர்ஜன் பிடிக்கப் போகும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு, மாமா எழுதிக்கொள்வது.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃப்ரேசர் ஆற்றில் முதன்முதலாக ஸ்டர்ஜன் பிடிக்கப் போகிறாய் என்று அக்கா சொன்னாள். என்ன தூண்டில், என்ன இரை வாங்குவது என்று கேட்டிருந்தாயாம். கடைக்குப் போகும் முன் ஒன்றைத் தெரிந்துகொள். அந்த ஆற்றில் பிடிபடும் ஒவ்வொரு ஸ்டர்ஜனும் ஆற்றுக்கே திரும்ப வேண்டும். 1994 முதல் அங்கே அதுதான் விதி. மீன் தெம்போடு திரும்பிப் போவதற்கு எது உதவுமோ அதை வாங்கு.

அங்கே இருப்பது வெள்ளை ஸ்டர்ஜன், வட அமெரிக்காவின் மிகப் பெரிய நன்னீர் மீன். நூறு வயதைத் தாண்டி வாழக்கூடியது. பெண் மீன் முதல் முறை சினை பிடிக்கவே இருபது ஆண்டுகள்போல ஆகும். அதன் பிறகும் ஆண்டுதோறும் முட்டையிடாது. 1890-களில் வணிகத்துக்காக அள்ளிய அள்ளலில் சில ஆண்டுகளிலேயே ஃப்ரேசர் ஸ்டர்ஜன் சரிந்துபோனது. இவ்வளவு மெதுவாகப் பெருகும் உயிர் அப்படி ஒரு அடியிலிருந்து எழுவதற்குப் பல தலைமுறை பிடிக்கும். நெச்சாக்கோ, கொலம்பியா, கூட்டனி ஆறுகளின் ஸ்டர்ஜன் கூட்டங்கள் 2006-இல் கனடாவின் அழியும் உயிரினப் பட்டியலிலேயே ஏறிவிட்டன.

முதல் முறை போகிறவர்களில் பலர் மெல்லிய கோலையும் மெல்லிய நரம்பையும் எடுத்துக்கொண்டு, மீனோடு நெடுநேரம் மல்லுக்கட்டுவதை வீரம் என்று நினைக்கிறார்கள். மாமாவுக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. இழுபறி நீள நீள மீன் களைத்துப்போகும். கோடையில் தண்ணீர் சூடேறி, அதில் கரைந்த ஆக்சிஜன் குறைந்திருக்கும்போது அந்தக் களைப்பு அதன் உயிரையே வாங்கிவிடும். ஆகவே வாங்க வேண்டியது கனமான கோல், பெரிய ரீல், 100 முதல் 130 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு. ரீலில் நரம்பு 250 மீட்டருக்குக் குறையக் கூடாது. பெரிய மீன் ஆற்றின் போக்கோடு ஓடத் தொடங்கினால் அவ்வளவும் தேவைப்படும்.

முள்ளுக்கு மேலே கடைசி அரை மீட்டருக்குத் தடித்த டாக்ரான் நரம்பு கட்டு. ஸ்டர்ஜனின் உடம்பில் செதிலுக்குப் பதிலாக ஐந்து வரிசை எலும்புத் தகடுகள் ஓடுகின்றன. இளம் மீன்களில் அவை கத்தி விளிம்பாக இருக்கும். மெல்லிய நரம்பு அவற்றில் உரசினால் அறுந்துபோகும். முள் மீனின் வாயிலேயே தங்கிவிடும். ஈயத்தை நரம்பில் இறுக்கிக் கட்டாதே, வளையத்தில் மாட்டி ஓடவிடு. மீன் இரையை இழுக்கும்போது ஈயத்தின் கனம் அதற்குத் தெரியக் கூடாது. பனி உருகி ஆறு பெருகும் மே, ஜூனில் அரைக் கிலோ ஈயம்கூட அடியில் நிற்காமல் உருளும். நீர் வடிந்த இலையுதிர்காலத்தில் பாதியே போதும்.

முள் ஒன்றுதான் இருக்கலாம், அதிலும் எதிர்முள் இல்லாதது. இதுவும் சட்டம். நரம்பு தளர்ந்தால் அப்படிப்பட்ட முள் கழன்றுவிடும் என்பது உண்மைதான். அதனால் நரம்பைத் தளர விடாதே.

இனி இரை. ஸ்டர்ஜனின் கண் சிறிது. கலங்கிய ஆற்றின் அடியில் அதற்குப் பெரிய வேலையும் இல்லை. வாய்க்கு முன்னால் தொங்கும் நான்கு மீசைகளால் தரையைத் தடவியும் மணம் பிடித்தும்தான் அது இரை தேடுகிறது. பல் கிடையாது. வாயைக் கீழ்நோக்கி நீட்டி உறிஞ்சிவிடும். அதனால் இரையின் அழகைப் பார்க்காதே, வாடையைப் பார். ஆற்றில் அந்தப் பருவத்தில் என்ன செத்து மிதக்கிறது, என்ன முட்டையிடுகிறது என்று கவனித்து, அதையே முள்ளில் கோர். இலையுதிர்காலத்தில் சால்மன் கூட்டம் கூட்டமாக மேலேறி, முட்டையிட்டுச் சாகும். அப்போது மெல்லிய வலைத்துணியில் முடிந்த சால்மன் சினையும், அழுகத் தொடங்கிய சால்மன் துண்டும் நன்றாக எடுக்கும். ஒற்றைப்படை ஆண்டுகளில் பிங்க் சால்மனும் பெருங்கூட்டமாக வருவதால் ஆறே விருந்துக்கூடம்தான். மற்றக் காலங்களில் லாம்ப்ரே மீன் துண்டும் பெரிய மண்புழுக் கொத்தும் கைகொடுக்கும். எந்த இரையானாலும் முள்ளின் முனை வெளியே தெரிய வேண்டும். மூடிவிட்டால் மீன் உறிஞ்சித் துப்பிவிட்டுப் போய்விடும்.

அத்தனை பெரிய மீன் இரையைத் தொடுவதோ மிக மென்மையாக. கோல்நுனி இரண்டு முறை லேசாகத் துடிக்கும், அவ்வளவுதான். உடனே வெட்டி இழுக்காதே. நுனி வளைந்து கீழே போகும்வரை பொறுத்து, அப்போது ஒரே வீச்சில் தூக்கு.

மீன் பக்கத்தில் வந்ததும் ஓட்டமில்லாத ஆழங்குறைந்த இடத்துக்கு நடத்திப் போ. நீ தண்ணீரில் இறங்கி நில், மீனைக் கரையில் ஏற்றாதே. செவுளில் விரல் விடாதே, வாலைப் பிடித்துத் தொங்கவிடாதே. படம் எடுப்பதும் தண்ணீரில் வைத்தேதான். உன்னோடு வரும் படகோட்டி வழிகாட்டி, மீனின் தலைக்குப் பின்புறம் ஒரு கருவியை வைத்துப் பார்ப்பார். அரிசிமணி அளவுள்ள அடையாளச் சில்லு அங்கே இருக்கக்கூடும். 2000 முதல் தன்னார்வலர்கள் இப்படிச் சில்லு பொருத்தி, நீளம் அளந்து விட்டுவருவதால்தான் கீழ் ஃப்ரேசரில் எத்தனை மீன் இருக்கிறது என்று மதிப்பிட முடிகிறது. அவர் அளந்து முடிக்கும்வரை செவுள் நீரில் இருக்கும்படி மீனைத் தாங்கிப் பிடித்துக்கொள்.

உரிமச்சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடு. மிஷன் ஊரின் ரயில் பாலத்துக்கு மேலே நன்னீர் விதிகள், கீழே கடலோத விதிகள், உரிமமும் வேறு. மேலே பிடிப்பதானால் மீன்பிடி உரிமத்தோடு வெள்ளை ஸ்டர்ஜன் பாதுகாப்பு உரிமமும் தனியாக வேண்டும். அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தில் இரை பற்றிய பக்கத்தையும் படித்துவிட்டுப் போ.

அன்புடன்,
மாமா