கோழிக்கு மருந்து அப்புறம், முதல்ல கூட்டைப் பாரு

சாயங்காலம் ஆனா தானாவே கூட்டுக்குள்ள போற கோழி, இப்போ காம்பவுண்டு சுவர் மேலயும் முருங்கை மரத்துலயும் ஏறி உட்கார்ந்துக்குதா? அடைக்கு உட்கார்ந்தது பாதியிலயே முட்டையை விட்டுட்டு எழுந்து போகுதா? கொண்டை வெளுத்துப்போய், முட்டையும் குறைஞ்சிருக்கா? முட்டை எடுத்துட்டு வந்ததும் உன் முழங்கையில ஏதோ ஊர்ற மாதிரி அரிக்குதா? தங்கச்சி, கோழியை விரட்டி விரட்டி உள்ள அடைக்காதே. கூட்டுல செல்லு, அதாவது கோழி ரத்தம் குடிக்கிற பொடிப் பூச்சி, புகுந்திருக்கு. கோழி தான் படுற வேதனையைத்தான் உனக்குச் சொல்லிக்கிட்டிருக்கு.

சந்தேகமா இருந்தா, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல டார்ச் எடுத்துட்டுப் போ. பழைய வெள்ளை வேட்டித் துணியைக் கிழிச்சு, கோழி உட்கார்ற கம்போட அடிப்பக்கத்தை அழுத்தித் துடை. துணியில சிவப்புக் கோடு விழுந்தா, ரத்தம் குடிச்ச செல்லு நசுங்கின கறைதான் அது. பகல்ல இதே கம்புல ஒண்ணும் தெரியாது. ஆணி அடிச்ச இடத்துலயும் மூங்கில் பிளவுலயும் சாம்பல் நிறத்துல பொடிப்பொடியா ஏதோ ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். ஒரு மில்லிமீட்டர் அளவு பூச்சி. ராத்திரி வந்து குடிச்சுட்டு, விடியறதுக்குள்ள இடுக்குக்குப் போயிடும்.

இதுதான் விஷயமே. இந்தச் செல்லு குடியிருக்கிறது கோழி மேல இல்ல, கூட்டுல. கோழியைப் பிடிச்சு வேப்பெண்ணெய் தடவி, அதே கூட்டுல திரும்ப அடைச்சா ஒரு பிரயோஜனமும் இல்ல. நம்ம ஊர் வெக்கைக்கு முட்டை பொரிஞ்சு, வளர்ந்து, அடுத்த முட்டை போட ஏழுலேர்ந்து பத்து நாள் போதும். கூட்டைக் காலியா போட்டாலும் வாரக்கணக்கா, குளிர்ச்சியா இருந்தா மாசக்கணக்கா, பட்டினி கிடந்து காத்திருக்கும்.

கோழிப்பேன் வேற. அது உடம்புலயே வாழும். ஆசனவாய்ப் பக்கம் இறகை விலக்கினா மஞ்சளா வேகமா ஓடும். இறகு அடியில வெள்ளையா முட்டை கொத்துக் கொத்தா ஒட்டியிருக்கும். பகல்லயும் உடம்பை விட்டுப் போகாத செல்லு வகையும் உண்டு. அப்போ அந்த இடத்து இறகு அழுக்கேறி கறுத்துப் போயிருக்கும். இந்த ரெண்டுக்கும் கூட்டோட சேர்த்துக் கோழிக்கும் வைத்தியம் வேணும்.

சுத்தம் பண்ண நல்லா வெயில் அடிக்கிற நாளாப் பாரு. கோழிகளை வெளியில விட்டுட்டு, உமி, வைக்கோல், சாக்கு எல்லாத்தையும் அள்ளிக் கறுப்பு பிளாஸ்டிக் கவர்ல இறுக்கிக் கட்டி வெயில்ல போடு. கூட்டு ஓரமாவே குவிச்சு வைக்காதே, ராத்திரிக்கே திரும்பி வந்துடும். அப்புறம் உட்கார்ற கம்பைக் கழட்டு. தாம்பரம், முடிச்சூர், சேலையூர் பக்கமெல்லாம் கூட்டுக்குச் சவுக்குக் கம்புதான் போடுவாங்க. பட்டையோட இருக்கிற சவுக்குதான் செல்லுக்குப் பெரிய வீடு. பட்டையை ஒரு விரல் அகலம் உரிச்சுப் பாரு, உள்ள கும்பலா இருக்கிறது உனக்கே தெரியும். மொத்தப் பட்டையையும் சீவி எடுத்துட்டு, கொதிக்கிற தண்ணியில சோப்புத்தூள் கலந்து ஊத்து. 45 டிகிரிக்கு மேல சூடு பட்டா இது தாங்காது. சித்திரை, வைகாசின்னா கழுவினதை மொட்டை மாடித் தரையில பரப்பி வை. மிச்சத்தை வெயில் பார்த்துக்கும்.

கூட்டோட இடுக்குகளைக் கம்பியால குத்திக் கிளறி, அங்கேயும் வெந்நீர் விடு. நல்லாக் காய்ஞ்சதும் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு 30 மில்லி வேப்பெண்ணெய், ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவுற லிக்விட். குலுக்கிக் குலுக்கி இடுக்குக்குள்ளேயே அடி. சுவர் நடுவுல அடிச்சு வீணாக்காதே. இது பூச்சி மேல பட்டாத்தான் வேலை செய்யும், செல்லோட முட்டை இதுல சாகாது. அதனால அஞ்சாறு நாள் இடைவெளியில இன்னும் ரெண்டு தடவை கட்டாயம் அடிக்கணும். முதல் தடவையே கோழி நிம்மதியாத் தூங்குதேன்னு ரெண்டாவதை விட்டுடுவாங்க, மறுபடி பெருகுறது அங்கதான்.

கடைசியா இடுக்கையெல்லாம் பூசி அடைச்சு, ரெண்டு கோட் சுண்ணாம்பு அடி. கண்ணுல படாம பார்த்துக்கோ. காயற வரைக்கும் கோழியை உள்ள விடாதே. கம்பைத் திரும்ப வைக்கும்போது சுவர்ல முட்டாம, தனியா கால் வச்சு நிறுத்து. நம்ம வீட்டுல எறும்பு ஏறாம இருக்கப் பலகாரப் பாத்திரத்தைத் தண்ணித் தட்டுல வைப்போமே, அதே மாதிரி ஒவ்வொரு காலையும் எண்ணெய் ஊத்தின டப்பாவுல வச்சா ஏற வழி இருக்காது.

கோழிக்கு மண் குளியல் வேணும். காய்ஞ்ச மணலோட விறகுச் சாம்பல் கலந்து அகலமான தொட்டியில வை. தெரு முனையில இஸ்திரி வண்டிக்காரர்கிட்ட கேளு, கரிச் சாம்பல் கொடுப்பார். நெருப்பு இருக்கான்னு பார்த்து, ஆறவச்சு, சலிச்சுப் போடு. குப்பை எரிச்ச சாம்பல் வேண்டவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தொட்டி கூரைக்குக் கீழேதான் இருக்கணும். நனைஞ்ச சாம்பல் காரம், கோழிக் காலைப் புண்ணாக்கிடும்.

மருந்து விஷயத்துல நான் கண்டிப்பாத்தான் பேசுவேன். எறும்புப் பொடி, கரப்பான் சாக்பீஸ், மண்ணெண்ணெய் எதையும் கோழி மேல போடாதே. நாய்க்கு உண்ணி போக முதுகுல விடுற சொட்டு மருந்தும் வேண்டாம், அதுல பலதுல ஃபிப்ரோனில் இருக்கு. 2017-ல நெதர்லாந்துல கோழிச் செல்லைக் கொல்லத்தான் அதைப் பண்ணைகள்ல அடிச்சாங்க. அது முட்டைக்குள்ள இறங்கி, ஐரோப்பா முழுக்க லட்சக்கணக்கான முட்டையைக் கடையிலேர்ந்து எடுக்க வேண்டியதாப் போச்சு. உன் வீட்டு முட்டையைச் சாப்பிடறது உன் குழந்தைங்க. மருந்து அடிச்சே ஆகணும்னா அரசு கால்நடை மருந்தகத்துல டாக்டர்கிட்ட கேளு. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாதுன்னு மூணையும் கேட்டு எழுதிக்கோ. செல்லுக்கு அடிக்கிற மருந்துல பலது பூனைக்கும் மீனுக்கும் விஷம், கழுவின தண்ணியை மழைநீர்க் கால்வாய்ல விடாதே, அது ஏரிக்குத்தான் போகும். ஜி.எஸ்.டி. ரோடுல காட்டாங்குளத்தூர் பக்கம், காட்டுப்பாக்கத்துல கால்நடைப் பல்கலைக்கழகத்தோட வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு. கோழி வளர்ப்புச் சந்தேகத்தை அங்கேயும் கேட்கலாம்.

அடைக்கோழியைத் தனியாக் கவனி. 21 நாள் ஒரே இடத்துல அசையாம உட்கார்ந்திருக்கிற உடம்பு, செல்லுக்கு அதைவிட வசதி வேற இல்ல. அடை வைக்கிற கூடையை முன்னாடியே ரெண்டு மூணு நாள் வெயில்ல காயவை. புது மணல் போட்டு, காய்ஞ்ச வேப்பிலையும் கொஞ்சம் வசம்புப் பொடியும் தூவு. குஞ்சு பொரிச்ச அன்னிக்கே தாயையும் குஞ்சையும் வேற இடத்துக்கு மாத்திட்டுப் பழைய மணலைக் கொட்டிடு. சின்னக் குஞ்சு ரத்தம் இழந்தே செத்துப்போகும், பார்க்கத் தாங்காது.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில புதுசா கோழி வாங்கினா, கொண்டு வந்த கூடை, கயிறு, அட்டைப்பெட்டி வீட்டுக்குள்ள வரக் கூடாது. கோழியை மூணு வாரம் தள்ளி வச்சு, இறகை விலக்கி விலக்கிப் பார்த்த பிறகு மத்ததோட விடு. கூரை இடுக்குல மைனாவோ புறாவோ கூடு வச்சிருந்தா, குஞ்சு பறந்ததும் கூட்டை எடுத்துட்டு வலை அடிச்சிடு. அதுங்க போன பின்னாடி அங்க மிஞ்சுற செல்லு பசியில நேரா உன் கோழிகிட்டதான் இறங்கும்.